புள்ளிக்கும் கணக்கு

கெய்சர் வீதியில் நளீர் முதலாளி கடையில்
பில் எழுதுவது என் வேலை.
பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு
கடையின் வாயும் நான்தான்:
இருநூற்றெண்பது எழுத்துக்குள்
திரைச்சீலைத் துணி, மீற்றர் நானூற்றைம்பது,
போயா தினத்திலும் திறந்திருக்கும்.

கவிஷான் என்றொரு பெடியன்
மடிக்கணினியோடு வந்து
என் மூன்று மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு
சொல்லிப்போனது இவ்வளவுதான்:
"ஒரு நாளைக்கு மூன்று பதிவு, அங்கிள்.
ஆக்கள் உங்களைப் பற்றிக் கதைக்கவேணும்."

கதைத்தார்கள்.

மே மாதம், ஒரு செவ்வாய்.
நாரஹேன்பிட்டியிலிருந்து இனோக்கா என்ற பெண்
ஒரு படம் போட்டாள்.
கொடியில் ஐந்து வெள்ளைப் பள்ளிச் சீருடை,
ஐந்தும் ரோஸ்.
நடுவில் எங்கள் சிவப்புத் துணி
ஒன்றும் அறியாதது போல.
கீழே சிங்களத்தில் ஒரே வரி:
நாளைக்கு என் மகள் எதை உடுத்துவாள்?

இரவு எட்டுக்குள்
ஆயிரத்து நூறு பேர் அதைக் கைமாற்றினார்கள்.
எங்கள் துணி ஒன்றுகூட
அத்தனை கை மாறியதில்லை.

முதலாளி அறிந்த வழி வேறு.
முப்பது வருசமாய், கோபத்தோடு வருகிறவருக்கு
ஒரு ஸ்டூல், ஒரு பிளேன்டீ.
துணியை வெளிச்சத்தில் பிடித்து
"சரி" என்பார், இல்லையேல்
"இது எங்கட இல்ல" என்பார்.
கடைக்குள் வந்தது கடைக்குள் முடியும்.
இதற்கு எங்கே ஸ்டூல் போடுவது?

"எழுது புள்ள,
தனியாத் தோய்க்கச் சொன்னோமே எண்டு."
எழுதினேன். அழித்தேன்.
சொன்னோமா?
அன்றைய பில்லைத் தேடி எடுத்தேன், என் கையெழுத்து.
நாலு மீற்றர் சிவப்பு.
சாயத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.
நான் அந்நேரம் திரைக்குள் குனிந்து
'கொழும்பே திரும்பிப் பார்க்கும் சிவப்பு'
என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு சொல்.
அவளுக்குச் சிங்களத்தில், எங்களுக்குத் தமிழில்:
மன்னிக்கவும்.
முதலாளி விரல் மடக்கி எண்ணினார். ஏழு.
இயந்திரம் பன்னிரண்டு என்றது.
"புள்ளியையுமா எண்ணுறான்?"
"ஓம் முதலாளி, சுழியையும் கொம்பையும்."
"கள்ளன்" என்றார்,
தராசில் எவனோ விரல் வைத்ததைக் கண்டவர் போல.
பிறகு, "பரவாயில்ல. போடு."

வியாழன் மத்தியானம் அவளே வந்தாள்.
தொலைபேசி பைக்குள்.
ஸ்டூலில் இருந்தாள், பிளேன்டீ குடித்தாள்.
ஆறு மீற்றர் வெள்ளைத் துணியின் ஊடாகக்
கத்தரிக்கோல் போன சத்தம் மட்டும் கேட்டது.
படம் எடுக்கவில்லை.
நன்றி என்று எங்கேயும் போடவுமில்லை.
யார் தேடினாலும்
ஐந்து ரோஸ் சீருடை
இன்னும் அந்தக் கொடியில் காய்கிறது.

மாதமுடிவில் கவிஷான் அனுப்பிய வரைபடத்தில்
அந்தச் செவ்வாய் ஒரு மலை.
"சூப்பர் ரீச், அங்கிள்!"
முதலாளி கணக்குக் கொப்பியைத் திறந்து
மலையை எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்டார்,
வரவிலா, செலவிலா.
சிவப்பைப் பார்க்கவென்றே பதினொரு பேர் வந்தார்கள்.
சிரித்தார்கள்.
இரண்டு பேர் தலையணை உறை வாங்கினார்கள்.
ஒருத்தி கேட்டாள்,
அந்த ரோஸ் நிறத்தில் துணி இருக்கா?

இன்று காலை, ஷட்டர் பாதி ஏறமுன்னமே,
முதலாளி தானாகச் சொல்ல நான் எழுதினேன்:
எங்கட சிவப்பு சாயம் விடும்.
தனியாத் தோய்க்கவும். ரெண்டு தரம்.
எழுபது எழுத்துகூட வராது,
புள்ளி எல்லாம் சேர்த்தும்.

மத்தியானம் வரை மூன்று பேருக்குப் பிடித்திருக்கிறது.
ஒன்று நான்.
ஒன்று கவிஷான், பிழையாய் அமத்தியிருப்பான்.
மூன்றாவது யாரென்று பார்க்க நேரமில்லை,
குடையை மடித்துக்கொண்டு உள்ளே வந்த ஒருத்தி
சிவப்பு ரோலைத் தொட்டுவிட்டுத்
தன் விரலைப் பார்க்கிறாள்.