அன்று முதல்

மண்டபம் முகாம் கோர்ட்டில் நான் தர்ஜுமா குமாஸ்தா.
வாரண்டில் இருப்பதைத் தமிழில் சொல்வேன்,
கூண்டில் நிற்பவன் சொல்வதை இங்கிலீஷில் எழுதுவேன்.
எனக்கென்று சொல்ல ஒன்றுமில்லாத வேலை.

நாற்பத்தேழு, ஆகஸ்ட் நாலு, திங்கட்கிழமை.
கச்சான் காற்று கட்டுகளைப் புரட்டியது.
ஐவிரல் சங்கு ஒன்றைத் தாள்மேல் பாரம் வைத்திருந்தேன்.
பெயர்?
அடைக்கலம்.
பேனாவை ஒருமுறை தொட்டுக்கொண்டு எழுதினேன்.
தகப்பன் சவேரி. தேடுவது இலங்கை சர்க்கார்.
பதுளைப் பக்கம் தோட்டத்துத் துரையின் காரைக் கொளுத்திவிட்டு
வள்ளத்தில் வந்து வேதாளையில் கரையேறியவன்
என்றது வாரண்டு.

மாஜிஸ்திரேட் வெங்கோப ராவ் படித்தார், நான் சொன்னேன்:
பதினைந்து நாள் கழியாமல் உன்னைக் கப்பலேற்றக் கூடாது.
அதற்குள் மதராஸ் ஹைகோர்ட்டுக்கு மனுப் போடலாம்.

அவன் கேட்டான்:
"கார் கேசுன்னு கூட்டிப் போயி
கணக்கப்பிள்ளை செத்த கேசுல கோத்துவிட்டா?"

ராவ் கண்ணாடியைத் துடைத்தார்.
அதைத் தடுக்க இந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை.
அங்கும் இங்கும் ஒரே ராஜா.
அடுப்படியிலிருந்து கூடத்துக்குப் போகிறவனுக்கு
யார் காப்பு எழுதித் தருவார்கள்?

பதினோராம் நாள் ராத்திரி வீடு பாகம் பிரிந்தது.
சப்ஜெயிலில் வார்டர் காசிம் மிட்டாய் கொடுத்தாராம்,
கைதிக்கும் இரண்டு.

பத்தொன்பதாம் தேதி.
அமாவாசைக்கு முழுக வந்த கூட்டம் இன்னும் வடியவில்லை,
ரயிலில் கால் வைக்க இடமில்லை.
ஏட்டு விலங்கோடு வந்து நின்றார்,
தனுஷ்கோடியில் கப்பல் காத்திருக்கிறதென்று.

கீழக்கரை வக்கீல் ஹபீபு எழுந்தார்.
பதினோரு நாளை ஒரு சர்க்கார் எண்ணியது,
மிச்சத்தை எண்ணியது யார்?
ராஜா இன்னும் இருக்கிறாரே ஓய், என்றார் ராவ்.
இருக்கிறார், வேறு மாதிரி இருக்கிறார், என்றார் ஹபீபு.

புது முத்திரை வந்திருக்கவில்லை.
பழையதில் கிரீடம்.
அதைக் கையிலெடுத்து, வைத்து, மறுபடி எடுத்து,
பழைய உத்தரவையே புதுத் தாளில் எழுதச் சொன்னார் ராவ்.
காசிமுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்,
அதனால் அவருக்கு ஒரு தமிழ்ப் படி போகும்.
அது என் கை.

அன்று முதல் பதினைந்து நாள், என்றிருந்தது பழைய படியில்.
சங்கை நகர்த்தினேன்.
தாள் ஓரம் படபடத்தது, உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டேன்.
இன்று முதல், என்று எழுதினேன்.

ராவ் வாசித்தார். வாசித்தார் என்றுதான் நினைக்கிறேன்,
கண்ணாடி போட்டிருந்தார்.
கையெழுத்து விழுந்தது.

சாயந்தரம் ஏட்டு கத்தியது தெரு வரை கேட்டது.
"தாள்ல என்ன இருக்கோ அதுதான்" என்றாராம் காசிம்.
நாலு மணிக் கப்பல் அவனில்லாமல் போனது.

செப்டம்பரில் முத்திரை வந்தது.
புதிதல்ல, பழையதையே சுரண்டியது.
கிரீடம் இருந்த இடத்தில் ஊதாவாக ஒரு ஈரம்
ஒவ்வொரு தாளிலும் ஒட்டியது.

அடைக்கலத்தின் மனு மதராசில் நம்பரானது வரை தெரியும்.
அப்புறம் எனக்கு சாத்தூருக்கு மாற்றல்.
அங்கே வந்து சேர்ந்தது மெமோ:
ஓர் எழுத்து மாறியதற்கு விளக்கம் தருக.

கைப்பிழை, என்று எழுதினேன்,
இங்கிலீஷில்.
சம்பளத்தில் ஆறு ரூபாய் பிடித்தார்கள்.