நாய் உண்டு

அம்மாப்பேட்டைப் பிரிவில் பதினொரு வருடமாய்
மீட்டர் பார்க்கிறேன்.
கெண்டைக்காலில் மூன்று தழும்பு.
மூன்றுக்கும் வீட்டு எண் சொல்வேன்.
என் சின்ன நோட்டில் அந்த வீடுகளுக்கு எதிரே
சிவப்பு மையில் இருக்கும்: நாய் உண்டு.

அப்படிப்பட்டவளிடம்
கொண்டலாம்பட்டி பைபாஸ் பாலத்தடியில்
குழாய்க்குள் கிடந்த நாலு மாதக் குட்டியைக்
கொண்டுவந்து விட்டாள் பர்வீன்.
"ஆறே வாரம்க்கா. ஆள் பழக்கணும், அவ்வளவுதான்.
கண்ணப் பாக்காதீங்க. கை நீட்டாதீங்க.
பேரு மட்டும் வெச்சிராதீங்க."

துண்டோடு தரையில் வைத்தாள்.
வைத்தது வைத்தபடி இருந்தது.
தொட்டதும்
கண் திறந்திருக்க, உள்ளே ஏதோ அணைந்தது.
பீஸ் போயிருச்சு என்றேன்.
அதுவே பேராகிவிட்டது.

கட்டிலுக்கடியில் பீஸு.
கட்டிலுக்கு முதுகு காட்டித் தரையில் நான்.
சுவரைப் பார்த்துக்கொண்டே
வேகவைத்த ஈரலைத் துண்டு துண்டாய்ப் பின்னால் தள்ளுவேன்,
லஞ்சம் கொடுப்பவளைப் போல.
எட்டாம் நாள்
விரலில் ஈரமாய் எதுவோ பட்டது.
திரும்பவில்லை.
மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

பயந்ததையெல்லாம் குறித்துவைத்தேன், ரீடிங் எடுப்பது போல:
துடைப்பம்.
ஹெல்மெட்.
லுங்கியை உதறி மடித்துக் கட்டும் ஆண்கள்.
குக்கர் விசிலுக்குப் பயமில்லை, ஏனென்று தெரியாது.

கீழ்வீட்டு விசைத்தறி விடிய விடிய ஓடும்.
டம்ளர்கள் அலமாரியில் இடம் மாறும்.
அதுதான் அவளைக் கொல்லும் என்று நினைத்தேன்.
தறி ஓடினால் தூங்கினாள்.
லாரிகளுக்குக் கீழே பிறந்தவளுக்கு
அதிர்வதுதான் தரை போலும்.
கரண்ட் போய்த் தறி நின்ற நொடியில்
எழுந்து உட்கார்ந்து
மூலை மூலையாய்ப் பார்த்தாள்,
அமைதிக்குள் யார் வருகிறார்கள் என்று.

நாலாம் வாரம் தெருவில் இறங்கினோம்.
தட்டுவடை செட் போடும் குமரகுருவிடம்
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு
ஒரு வெறும் தட்டுவடை நீட்டச் சொன்னேன்.
"வியாபார நேரத்துலயா?" என்றார். மாட்டிக்கொண்டார்.
பீட்ரூட் துருவலுக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.
பதினொரு வருடத்தில் அந்தத் தெருவிடம்
மீட்டர் எங்கே என்பதைத் தவிர
நான் எதுவும் கேட்டதில்லை.
வெள்ளிப்பட்டறைப் பையன் ஒருவன்
துடைப்பத்தைப் படுக்கப்போட்டு
அதன்மேல் பிஸ்கட் வைத்தான்.
அவனாகவே. நான் சொல்லவில்லை.

லுங்கி மட்டும் கடைசிவரை ஆகவில்லை.
வற்புறுத்தவில்லை.
வீட்டில் லுங்கி உடுத்த ஆளும்
இப்போது இல்லை.

ஆறு வாரம் ஏழானது.
ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம்
காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் ஜெசிந்தா
எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.
பர்வீனின் ஆம்னியில் ஏறினோம்.
ஆறாம் கொண்டை ஊசியில் என் மடியில் வாந்தி.
பன்னிரண்டில் மறுபடியும்.
இறங்கியதும் பழக்கதோஷத்தில்
அந்த வீட்டு மீட்டர் எங்கேயென்று தேடினேன்.
ஜெசிந்தா வாசலில் பக்கவாட்டில் உட்கார்ந்து
சில்வர் ஓக் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
கை நீட்டாமல்.
பீஸு போனாள். முழங்கையை முகர்ந்தாள்.
திரும்பிப் பார்க்கவில்லை.
"பாத்திருந்தா சரியாப் பழக்கலன்னு அர்த்தம்க்கா."
அது ஆறுதலா, மதிப்பெண்ணா?

அன்றிரவே ஃபோன்.
"தூங்கவே மாட்டேங்குதுங்க.
இங்க ஒரு சத்தமும் இல்லையே, எதுக்குப் பயப்படுது?"
கீழே இறங்கித் தறியருகே ஃபோனைப் பிடித்து
பத்து நிமிடம் பதிவு செய்து அனுப்பினேன்.
தறிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
காலையில் செய்தி: தூங்கிருச்சு.
அப்புறம் செய்தி இல்லை.
நல்லதுதான்.

நேற்று ராத்திரி ரெண்டே காலுக்கு கரண்ட் போனது.
தறி நின்றது.
எழுந்து உட்கார்ந்து
மூலை மூலையாய்ப் பார்த்தேன்.
புகார் எண்ணை அழுத்தினேன்.
எங்கள் ஆபீஸ்தான்.
யாரும் எடுக்கவில்லை.