பலகை நடாத விற்பனை

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துத் தர
எனக்கு ஒன்றரை சதவீதம்.

பூசணிக்காயில் பதினோரு படுக்கையறை,
இருபத்தாறு புகைபோக்கி,
ஓடையின் இரு கரையும்,
ஒரு கரையில் மட்டும் மீன்பிடி உரிமை.

ஹெரிஃபோர்ட்ஷயர் என்று எழுதிக்கொள்ளலாம்.
ஊர்ப் பெயர் கூடாது. வீட்டுப் பெயர் கூடாது.
படம் ஒன்றே ஒன்று:
வாசற்கதவின் பித்தளைக் கைப்பிடி,
அதில் என் முகம் விழாத கோணத்தில்.

"தம்பிக்குத் தெரியக் கூடாது" என்றார்
வெனிஷியா ட்ரெட்வெல், குரலைத் தாழ்த்தி.
அறையில் எங்களைத் தவிர
ஒரு கிழட்டு நாய்தான் இருந்தது.
அதற்கும் காது கேட்காது.

கம்பெனிப் பெயர் எழுதிய காரை விட்டுவிட்டு
என் மனைவியின் காரில் போனேன்,
பின்சீட்டில் குழந்தை சிந்திய பிஸ்கட் தூளோடு.
வீட்டு வேலை பார்க்கும் அம்மாவுக்கு
நான் பாய்லர் பார்க்க வந்தவன்.
வாங்க வந்தவர்களுக்கு வியாழக்கிழமை,
அந்த அம்மா லெட்பரி போகும் நேரம்.
ஒருவர் கூரை பார்க்க வந்தார்.
மூவர் வௌவால் கணக்கெடுக்க.
ஒரே மாதத்தில் மூவர்.
ட்ரெட்வெல் வீட்டில் வௌவால் பெருத்துப்போச்சு என்று
மதுக்கடையில் பேச்சாம்.
ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள்.
வௌவால் போதுமாக இருந்தது.

தோட்டக்காரர் கரெத் ப்ரோபர்ட் மட்டும்
என் ஷூவைப் பார்த்தார்,
வெகுநேரம்.
பிறகு பாய்லரைப் பற்றிக் கேட்கவில்லை.
"டூலிப் கிழங்குக்கு ஆர்டர் எழுதணும்.
வழக்கம்போல எண்ணூறா?"
அவர்களிடம் அல்லவா கேட்க வேண்டும்.
என்னிடம் கேட்டார்.
"வழக்கம்போல" என்றேன்.
சாவி கைமாறுவது அக்டோபரில்.
கிழங்கு மண்ணுக்குள் போவது நவம்பரில்.

பட்டியலில் பதினான்கு பேர்.
எல்லோரும் ரகசியப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள்.
ஒன்பதாமவர் ஜெனீவாவில் இருக்கிறார்,
தரகர் வழியாக வந்தவர், பெயர் வெறும் எழுத்துகள்.
ஒரு மாலை நேராகவே போனில் வந்தார்.
"ஓடை சமையலறைவரை ஏறுமா?"
ஒருமுறை ஏறியது, கோப்பில் இருக்கிறது என்றேன்.
அந்தப் பக்கம் சிரிப்பு.
"நான் வளர்ந்த வீட்டிலும் ஏறியது.
மீன்கூட வந்தது, அடுப்பு ஓரத்தில்.
உங்கள் குறிப்பைப் படித்தால்
எங்கள் வீடு போலவே இருக்கிறது,
எங்கள் வீட்டைவிட நன்றாக."

முப்பது வருட வேலையில்
என் வாசகத்துக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.
நன்றி என்றேன்.
வேறு எதையும் சொல்ல
நானும் கையெழுத்திட்டிருந்தேன்.

மறுநாள் வெனிஷியாவிடம் சொன்னேன்.
கையில் இருந்த சாஸரைக் கீழே வைத்தார்.
சிரிக்கத் தொடங்கினார்,
நாய் எழுந்து நிற்கும் அளவுக்கு.
"லூஷியனா! அவனுக்கு மட்டும்
ஐந்து லட்சம் பவுண்டு கூட்டிச் சொல்லுங்கள்."

காரை எடுக்கும்போது
ஈரப் புல்லில் செருப்போடு ஓடி வந்தார்.
கண்ணாடியை இறக்கினேன்.
"அந்த மீன்," என்றார்,
"அதைப் பிடித்தது நான்.
அவன் மேஜைமேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தான்."
பிறகு,
"பெயரை அடித்துவிடுங்கள்."

அடித்தேன்.

ஜெர்சித் தீவின் ஏதோ கம்பெனி வாங்கியது.
கம்பெனிக்குப் பின்னால் யாரென்று எனக்கும் தெரியாது,
கேட்பது முறையும் அல்ல.
முடிப்புக் கணக்கு நான்கு பக்கம் வந்தது:
வக்கீல், வரி, என் ஒன்றரை சதவீதம்,
தீராத எண்ணெய்த் தொட்டிக்குக் கழிவு.
கடைசிப் பக்கத்தின் அடியில்
அவர் கையெழுத்தில் சேர்த்த ஒரு வரி:

டூலிப் கிழங்கு, எண்ணூறு.
நடுகூலி, ப்ரோபர்ட்டுக்கு.
விற்பவர் செலவு.