ரெண்டில் ஒன்று பொய்

ஷாஜியின் மனைவி பந்தை
அரிசிப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள்.
"நீங்களும் வரணும் அண்ணே.
போட்டவரே வந்து நின்னா நம்புவாங்க இல்லியா."

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே கடை.
தபால்தலை, திருவிதாங்கூர் சக்கரம்,
கண்ணாடிக்குள் யாரோ கையெழுத்திட்ட கிரிக்கெட் மட்டை.
கடைக்காரன் ஜெபின்சிங்.
நான் கடைசி கோல் அடித்த வருடம்
அவன் பிறந்திருக்க மாட்டான்.

பந்தை உருட்டிப் பார்த்தான்.
தையலை நகத்தால் விலக்கினான்,
சூரையின் செவுளை நான் விலக்குவதுபோலவே.
தேங்காப்பட்டணம் துறையில் இருபத்தாறு வருடமாக
மீன் ஏலம் விடுகிறவன் நான்.
அந்த நகம் எனக்குத் தெரிந்த நகம்.

பால்பாயிண்ட் மை, என்றான். மார்க்கரா இருந்தா நின்னிருக்கும்.
வெயில் பட்டிருக்கு.
(மேற்குச் சன்னல் பக்கம் அலமாரி, என்றாள் அவள் மெல்ல.)
காத்து இறங்கி மடிப்பு விழுந்திருக்கு,
அதுவும் பேர்மேலேயே.
அப்புறம் இது என்ன,
'ஷாஜிக்கு அன்புடன்'?
ஆள் பேர் எழுதிட்டா விலை பாதி.
வாங்குறவன் வீட்ல ஒரு ஷாஜி வேணுமே.

தொண்ணூற்று மூன்று, தூத்தூர்க் கடற்கரை, இறுதி ஆட்டம்.
ஒன்பது முறை பந்து கடலுக்குப் போனது.
ஒன்பது முறையும் நீந்திப்போய் எடுத்துவந்த பொடியன் அவன்.
உப்பு காயாத தோலில்
நடுவரின் பேனாவை வாங்கி எழுதினேன்.
அந்தப் பெயர் இல்லாவிட்டால்
பந்தே இன்னேரம் மினிக்காய் தாண்டியிருக்கும்.
சொன்னேன்.
"போட்டோ இருக்கா?" என்றான்.

ஒரு வெள்ளைத் தாளை நீட்டினான்.
போடுங்க சார், ஒத்துப் பார்க்கலாம்.

கிளீட்டஸ் என்று போட்டேன்.
விஞ்ச்சு பாதி தின்ற ஆள்காட்டி விரல்,
சங்கத்துக் கடன் பத்திரங்களில் போட்டுப்போட்டுச்
சுருங்கிப்போன எழுத்து.
பந்தில் இருந்த 'ஸ்' ஓர் உதை வாங்கி மேலே பறந்தது;
தாளில் இருந்த 'ஸ்' குத்தவைத்து உட்கார்ந்திருந்தது.
லென்ஸை மாற்றிமாற்றி வைத்தான்.
"ரெண்டில ஒண்ணு பொய் சார்."
முகத்தில் கோபமே இல்லை. கணக்குச் சொன்னான்.

தேசிய அணியில ஆடினீங்களா?
இல்லை.
மாநிலம்?
ஒரு தடவை. பெஞ்சில்.
அவன் ஏதோ குறித்துக்கொண்டான்.
பிறகு, தயங்கி, அவளைப் பார்த்துச் சொன்னான்:
"இருக்கிற ஆளு எத்தனை வேணும்னாலும் போடுவாரு அக்கா.
நின்னுபோன பிறகுதான் ஏறும்."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
என் தொழிலில் உயிர் போனதும்
மணிக்கு மணி விலை இறங்கும்.
ஐஸ் போட்டால் கொஞ்சம் மெதுவாக இறங்கும், அவ்வளவுதான்.

பேரை மட்டும் அழிச்சுத் தந்தா மூவாயிரம்.
அப்படியேன்னா எண்ணூறு.

ஷாஜிக்குக் கத்தாரில் மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை.
மூத்தவளுக்கு ஃபீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி.
நான் வாசலுக்குப் போய் நின்றேன்.
இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.
திரும்பியபோது
எட்டு நோட்டை எண்ணிக்கொண்டிருந்தாள்.
பந்து தட்டில் ஏறியிருந்தது, சீட்டு ஒட்டி:
'கிளீட்டஸ். சந்தேகம்.'

அரிசிப் பையை நான்காய் மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டாள்.
பஸ்சில் எனக்கும் சேர்த்து அவளே டிக்கெட் எடுத்தாள்.

மறுநாள் விடியக்காலை
முப்பத்தேழு பெட்டி சாளை.
கூவி, ஏற்றி, முடித்து
ஈரச் சீட்டில் தொகையை எழுதிக்
கீழே கிளீட்டஸ் என்று போட்டேன்.
கொல்லத்து வியாபாரி படித்தும் பார்க்கவில்லை,
நாற்பதாயிரத்தை எடுத்து நீட்டினான்.

மதியத்துக்குள் அந்தச் சீட்டு
செதில் ஒட்டி
எந்தக் காலடியிலோ கிடக்கும்.