ஈற்றடி மட்டும்

ஐப்பசி மழைக்கு இன்று நான்காம் நாள்.
கொடைக்கானல் ஏரியையே காணோம்.
ஆவண அறையில் ஒரு ஹீட்டர், பூஞ்சை பிடித்த
இரண்டு நோட்டுகள், நான்.
பைண்டிங்குக்கு வந்த பணம் ஒன்றுக்குத்தான் போதும்.
"எதுன்னு நீங்களே எழுதி அனுப்புங்க மேடம்"
என்று போனை வைத்துவிட்டார் பொருளாளர் இன்னாசிமுத்து.

ஹைரம் டென்ஸ்லோ, வெர்மாண்ட்காரர்.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழில் மலையேறியவர்.
நிறுத்தத் தெரியாதவர்.
அவர் வரி தாளின் ஓரத்தில் முட்டி, மடங்கி,
மூச்சு வாங்காமல் அடுத்த வரிக்குள் ஓடும்
ஊர் ஆறு, பன்றிக்குட்டியின் விலை, கர்த்தர், மழை,
மழைக்குப் பின் மழை.
எதையும் 'ஓ' போட்டுத்தான் அழைப்பார்,
காலில் ஏறிய அட்டையைக்கூட.
அகவல் மாதிரிதான்;
முடித்து வைக்கும் அந்த 'ஏ' மட்டும்
கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த பங்களா லிடியா மார்ஷ், ஒகையோ.
பள்ளிக்கூடத்தின் பழைய வருகைப் பதிவேட்டில்
கட்டத்துக்கு ஒரு சொல்லாய் எழுதியவள்.
வெண்பாவின் முதல் மூன்றடியையும்
தானே கிழித்துப் போட்டுவிட்டு
ஈற்றடியை மட்டும் வைத்துக்கொண்டவள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது?
என் பர்சில் பதினோரு வருடமாய்
நான் தமிழாக்கிய அவள் வரிகள்:
பனி விலகியது
பார்க்க ஒன்றுமில்லை
பார்த்தேன்.

நேற்று கரண்ட் போயிற்று.
போர்வைக்குள் டார்ச் அடித்து, வேறு வழியின்றி
டென்ஸ்லோவைப் படித்தேன்.
எழுபத்தோராம் பக்கம்.
பெரியகுளத்துப் பக்கமிருந்து டோலி தூக்கிய
பன்னிரண்டு பேரும் வரிசையாய் வருகிறார்கள்.
சடையாண்டி, வீரணன், சின்ன வீரணன், ஒச்சு...
யார் தோளில் புண், இருமியது யார்,
யாருக்கு இரண்டணா பாக்கி.
(கொடுத்தாரா என்பது இல்லை.)
டோலிக்குள் லிடியா,
மடியில் காய்ச்சலோடு நான்கு வயதுப் பையன்.
ஓடை, ஓ ஓடையே, குரங்கு, வழுக்குப்பாறை,
திடீரென்று அந்த நோட்டு முழுக்கத் தேடினாலும் கிடைக்காத
ஒரு குட்டை வரி:
செண்பகனூருக்குக் கீழே இறக்கி வைத்தார்கள்.

எழுந்துபோய் லிடியாவின் பதிவேட்டில்
அதே தேதியைத் தேடினேன்.
அந்த வாரம் முழுக்க வெறும் கட்டங்கள்.
ஒன்றில் மட்டும், மை பரவாமல்,
ஆப்சென்ட்.

மழைக்காலச் சூரியனைச் சொல்கிறாள் என்று
அதற்கு அடிக்குறிப்பு எழுதியவள் நான்.
அச்சிலும் வந்துவிட்டது.

காலையில் பதிவேட்டை ஹீட்டர் பக்கம் நகர்த்தினேன்,
சூடு படுகிற, பக்கம் சுருளாத தூரத்தில்.
படிவத்தில் டென்ஸ்லோவின் எண்ணை எழுதினேன்.
அதை அடித்தேன். மறுபடி அதையே எழுதினேன்.
'காரணம்' என்று அச்சடித்த இடத்தில்
ஒரே ஒரு கட்டம்தான் விட்டிருக்கிறார்கள்.