செல்லாத சீட்டு

நவம்பர் முதல் தேதி, இரவு பத்தரை.
காஸ் விளக்கடியில், நனைந்த கோட்டுகளின் வாடையில்
டானர்ஸ்கேட் வட்டத்தை எண்ணி முடித்தோம்.
பீர் ஆலை ஃபெல்டனுக்கு நானூற்றுப் பன்னிரண்டு.
காஸ் ஆலைக் கூலி சக்டனுக்கும் அதே.

மிச்சம் ஒன்று.
சக்டன் பெயருக்கு நேரே,
பெருக்கல் குறி விழவேண்டிய கட்டத்தை
உடைத்துக்கொண்டு வழிந்திருந்தது
ஒரு முழுப்பெயர்:
டார்கஸ் எக்கர்ஸ்லி.
கடைசி எழுத்துக்கு வால் கொஞ்சம் நீளம்.

தெரியும் அவளை.
விதவை. ஊர்த்துணி வெளுத்து
வீட்டுவரி கட்டுகிறவள்.
பதினோரு வருஷம் என் மேஜையில்
கையெழுத்துக்குப் பதில்
பெருக்கல் குறிதான் போட்டாள்,
அவர்கள் ஊர்க் கைநாட்டு அது.
போன குளிர்காலம்
சேப்பல் இரவுப்பள்ளியில் சேர்ந்ததாகக் கேள்வி.

"போட்டவர் யாரென்று தெரிந்தால் செல்லாது"
ஆல்டர்மன் சட்டத்தை வாசித்தார்,
'நிராகரிப்பு' என்று எழுதினார்.
நான் மை ஒற்றினேன்.
சமநிலை என்றால் தீர்மான வாக்கு அவருடையது.
அவர் யார் வீட்டு பீர் குடிப்பவர் என்பது
ஊரறிந்த சங்கதி.
வெளியே பித்தளை வாத்தியம், நீல ரிப்பன்கள்.

வியாழனன்று வரி கட்ட வந்தாள்.
வெந்நீரில் வெந்த விரல்கள்.
பேனாவைக் கேட்டு வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு,
வால் நீண்ட அதே பெயர்.

"அன்றைக்கும் இப்படித்தான் போட்டேன்.
யார் போட்டதென்று தெரியட்டுமே அவர்களுக்கு."

ரகசியம் காப்பேன் என்று
வேதப்புத்தகம் தொட்டவன் நான்.
ஒற்றுத்தாளை அழுத்திப் பிடித்திருந்தேன்
மை உலர்ந்த பிறகும்.