212

ஆறு கருங்கல் கால்களின் மேல் நிற்கிறது
எங்கள் சோளக் களஞ்சியம்.
எலி ஏறாதிருக்கக் காலுக்கொரு வட்டக்கல்.
சுவர் கல், கூரை ஓடு, உச்சியில் சிலுவை.
கதவு மட்டும் இந்த ஊர் மரமில்லை.

தேக்கு, என்றார் தச்சர் லவுரேயானோ
கீல் மாற்ற வந்தபோது.
விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.
பிறகு பேசவில்லை.
கூலியில் பாதியைத் திண்டின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

நான் மலைப்பக்கத்துப் பெண்.
கலீசியாவின் இந்த விளிம்புக்கு
வாழ்க்கைப்பட்டு வந்தபோது
கடல் ராத்திரியிலும் ஓயாது என்று தெரியாது.
அடுத்த வீட்டுக் கோழிக்கூட்டுச் சன்னல்
ஏன் வட்டமாயிருக்கிறது,
திருவிழா சூப்பை ஏன்
தங்க விளிம்பிட்ட தட்டில் ஊற்றுகிறார்கள்,
பள்ளிக்கூட மணியில்
எந்தப் பெயரை அரம்போட்டு ராவினார்கள்,
எதையும் கேட்டதில்லை.
தந்ததைக் கும்பிட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இந்த வசந்தத்தில் பெயின்ட் செதில்செதிலாய் உதிர்ந்தது.
சுரண்டு, புதுசாய் அடிக்கலாம், என்றார் மாமியார் எவ்டோசியா.
வெளிப்பக்கம் பச்சை, அடியில் சிவப்பு,
அதனடியில் பித்தளையில் மூன்று எண்கள்:
இரண்டு, ஒன்று, இரண்டு.

உள்பக்கம் பச்சை, நீலம், வெள்ளை, மறுபடி நீலம்,
படகுக்குப் பூசும் சிவப்பு.
வெயில் படாத, மழை படாத பக்கம்.
அங்கே எதற்கு ஐந்து பூச்சு?

இடுப்புயரத்துக்குக் கீழே கீறல்கள்.
நகமோ, சீப்போ, கரண்டிக் காம்போ.
எண்ணத் தொடங்கினேன்.
பதினேழில் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

விளக்கணைத்த பிறகு பல்பீனோ சொன்னான்,
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு:
கப்பல் பேர் கொன்ஸ்டான்ஸா.
புவனோஸ் ஐரிஸ் போகவேண்டியது.
ஆகஸ்ட் மாதம், பால்போல் மூடுபனி.
கரைக்கு அரை மைலில், பல்வரிசைப் பாறைமேல்.
பதினொரு நிமிஷம்.
உடம்பு முறுகினால் கப்பலில் சட்டம் கோணிவிடும்,
சட்டம் கோணினால் கதவு திறக்காது.
(லவுரேயானோவுக்கு அது தெரிந்திருக்கும்.)

கம்பெனிப் பட்டியலில் முந்நூற்றுப் பதினெட்டுப் பேர்.
டிக்கெட் வாங்கும் வயசு வராத குழந்தைகள்
அதில் இல்லை.
அடுத்தவன் பெயரில் ஏறிய அறுவடைக் கூலிகள்,
அவரவர் பெயரில் இன்றைக்கும்
எங்கோ உயிரோடிருக்கிறார்கள்.
பத்திரிகையில் மூன்றாம் நாள், ஏழாம் பக்கம்.
முதல் பக்கத்தில்
காளைச்சண்டை வீரன் ஒருவனின் முறிந்த கால்.

எங்கள் ஆட்கள் இருட்டிலேயே துடுப்பெடுத்தார்கள்.
முப்பத்தொரு பேரை உயிரோடு இழுத்துவந்தார்கள்.
பல்பீனோவின் பாட்டனாருக்கு
இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்துபோயிற்று.
மறுநாள் காலை
அதே படகில், அதே துடுப்பில்,
துணி சுற்றிய அதே கையால்
மிதந்ததையெல்லாம் பொறுக்கினார்கள்.
இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான்.
எந்த இடத்திலும் குரல் மாறவில்லை.

ஒன்பதாம் நாள் கம்பெனி அதிகாரி வந்தார்.
தொப்பி, தோல்பை, அச்சடித்த தாள்.
தட்டு இத்தனை, கரண்டி இத்தனை,
கம்பளி, கண்ணாடி, மணி ஒன்று.
வீடுவீடாய்ப் புகுந்து கேட்டார்.
யார் செத்தார்கள் என்று கேட்கவில்லை,
அது வேறு இலாகா.
அன்றைக்குத்தான் முதல் சிவப்பு.

எண்ணை மறைக்க வெளிப்பக்கம் அடித்தார்கள்,
சரி, என்றேன். உள்பக்கம்?

அவன் தூங்கிவிட்டதுபோல் மூச்சுவிட்டான்.

காலையில் எவ்டோசியா
புதுப் பச்சை டப்பாவோடு வந்து நின்றார்.
சுரண்டிய மரத்தைப் பார்த்தார்.
கீறல்மேல் விரல் வைக்கவில்லை,
அது எங்கே தொடங்குகிறது என்று
பார்க்காமலே தெரிந்தவர்போல்
குனிந்து, வெறும் தூசியை ஊதினார்.
நீலம் என்னோடது, என்றார்.
மேல் நீலம்.
டப்பாவை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

வெளிப்பக்கம் மட்டும் அடித்தேன்,
எண்ணைச் சுற்றி.
சாயங்காலம் கதவைச் சாத்தப்போனவள்
என்னவோ தோன்ற
அடுப்புக் குச்சியைச் செதுக்கி
நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஆப்பு வைத்தேன்.
ஒரு கை நுழையும் இடைவெளி.

குருவி புகுந்து சோளம் தின்கிறது என்று
தினமும் திட்டுகிறார் எவ்டோசியா.
நேற்றுப் பெருங்காற்றில் ஆப்பு விழுந்திருக்கவேண்டும்.
விடிந்து போய்ப் பார்த்தால்
வேறொரு குச்சி செருகியிருந்தது,
என்னுடையதைவிடக் கொஞ்சம் தடிமனாய்.